வெண்வயிற்று மரங்கொத்தி: கள அடையாளமும் பெயரிடலும்

ஆய்வுச்சுருக்கம்

மேற்குத் தொடர்ச்சி மலைக் காடுகளில் வாழும் மரங்கொத்திகளுள் உருவில் மிகப் பெரியது வெண்வயிற்று மரங்கொத்தி. உடலின் பெரும்பகுதி கருமையாக இருப்பதால் நிழல் செறிந்த காட்டில் இதனைப் பிற கரிய பறவைகளோடு மயங்கிக் கொள்ள இடமுண்டு. அளவு, வெண்மை அமைந்த இடங்கள், தலைச் சிவப்பு, பறக்கும் முறை, குரல் ஆகிய கூறுகளைக் கொண்டு இப்பறவையை உறுதியாக இனங்காணும் முறையை இக்கட்டுரை விளக்குகிறது. நிறத்தை மட்டும் சுட்டும் பெயரைவிட வேறுபடுத்தும் கூறைச் சுட்டும் பெயரே தமிழில் ஏற்கத்தக்கது என்பதையும் நிறுவ முற்படுகிறது.

திறவுச்சொற்கள்: மரங்கொத்தி, கள அடையாளம், மேற்குத் தொடர்ச்சி மலை, பறவைப் பெயர்கள், பட்ட மரங்கள், கலைச்சொல்லாக்கம்

முன்னுரை

காட்டில் ஒரு பறவையைக் கண்டதாகக் குறிப்பேட்டில் எழுதுவது எளிய செயலாகத் தோன்றும். ஆனால் அக்குறிப்பு பின்னாளில் அக்காட்டின் நிலைக்குரிய சான்றாகப் படிக்கப்படுகிறது. வெண்வயிற்று மரங்கொத்தி இதற்குத் தக்க எடுத்துக்காட்டு. பருத்த அடிமரங்களும், நின்ற நிலையிலேயே பட்டுப்போன பெருமரங்களும் மிகுந்த காடுகளையே இப்பறவை பெரிதும் சார்ந்து வாழ்கிறது. எனவே இதன் இருப்பைக் கூறும் ஒவ்வொரு பதிவும் அங்கே முதிர்ந்த மரங்கள் எஞ்சியுள்ளன என்பதையும் மறைமுகமாகக் கூறுகிறது. தவறான பதிவு ஒன்று, முதிர்மரங்கள் அற்ற இளங்காட்டை வளமான பழங்காடாகக் காட்டிவிடும். தவறவிட்ட பதிவு ஒன்று, பட்ட மரங்களை அகற்றக் கூடாது என்பதற்குரிய சான்றை இல்லாமலாக்கிவிடும். ஆகவே இப்பறவையை இனங்காண்பதில் ஐயத்திற்கு இடமளிக்காத ஒரு முறை தேவைப்படுகிறது.

வகைப்பாடும் பரவலும்

இவ்வினத்தை ஜாவாத் தீவிலிருந்து கிடைத்த மாதிரியைக் கொண்டு ஹார்ஸ்ஃபீல்டு 1821-இல் அறிவியல் உலகிற்கு அறிமுகப்படுத்தினார். இதன் அறிவியல் பெயர் டிரையோகோப்பஸ் ஜாவென்சிஸ். பேரினப் பெயராகிய டிரையோகோப்பஸ் என்பது மரம், கொத்துதல் என்னும் பொருள்படும் கிரேக்கச் சொற்களிலிருந்து அமைந்தது. தமிழின் மரங்கொத்தி என்னும் சொல்லும் இதே பொருளமைப்பைக் கொண்டிருப்பது கருதத்தக்கது.

தென்னிந்தியாவில் வாழ்வது ஹாட்ஜ்சோனியை என்னும் துணையினம். சென்னை மாகாணத்தில் மருத்துவராகப் பணியாற்றியபடியே பறவைகளை ஆராய்ந்த ஜெர்டன் இதனை 1840-இல் விவரித்தார். மேற்குத் தொடர்ச்சி மலைகளில் மகாராட்டிரத்தின் தென்பகுதி தொடங்கிக் கருநாடகம், கேரளம், தமிழகம் வரையிலும், கிழக்கே பஸ்தர் பகுதிக் காடுகளிலும் இது பரவியுள்ளது. தமிழகத்தில் முதுமலை, ஆனைமலைக் காடுகள் இதனைக் காணத்தக்க இடங்கள். இலங்கையில் இப்பறவை இல்லை. பிற துணையினங்கள் மியான்மர், தாய்லாந்து, மலாய் தீபகற்பம், சுமத்ரா, ஜாவா, போர்னியோ முதலிய பகுதிகளில் வாழ்கின்றன.

மேற்குத் தொடர்ச்சி மலையின் மரங்கொத்திகளைப் பற்றிய ஆய்வுகளுள் வி. சாந்தாராமின் பணி அடிப்படையானது. ஒரே காட்டில் சேர்ந்து வாழும் மரங்கொத்தி இனங்களின் சூழலியலைப் பற்றிய இவரது முனைவர் பட்ட ஆய்வேடு 1995-இல் புதுவைப் பல்கலைக்கழகத்திற்கு அளிக்கப்பட்டது. வெண்வயிற்று மரங்கொத்தியின் பரவல், சூழலியல், பாதுகாப்பு ஆகியன குறித்த இவரது கட்டுரை 2003-இல் ஃபார்க்டெய்ல் இதழில் வெளிவந்தது.

முதற்கூறு: அளவும் உருவமும்

களத்தில் முதலில் மதிப்பிட வேண்டியது அளவு. அலகு நுனி முதல் வால் நுனி வரை இப்பறவை ஏறத்தாழ 48 செ.மீ. நீளமுடையது, அதாவது ஒரு காக்கையின் அளவினது. அதே காட்டில் வாழும் பெரிய பொன்முதுகு மரங்கொத்தி ஏறத்தாழ 33 செ.மீ. நீளமே உடையது. எனவே அடிமரத்தில் செங்குத்தாகப் பற்றி நிற்கும் பறவை காக்கையளவினதாக இருந்தால், தென்னிந்தியாவில் அது இவ்வினமாக இருப்பதற்கே வாய்ப்பு மிகுதி.

அளவோடு நிற்கும் நிலையையும் சேர்த்து நோக்க வேண்டும். மரங்கொத்திகளுக்கு முன்புறம் இரண்டும் பின்புறம் இரண்டுமாக விரல்கள் அமைந்துள்ளன. வால் இறகுகளின் தண்டு விறைப்பானது. கால்களால் மரப்பட்டையைப் பற்றிக்கொண்டு, வாலை முட்டுக்கொடுத்து நிற்கும் இந்நிலையைக் காக்கையிடமோ கரிச்சானிடமோ காண இயலாது. வெண்வயிற்று மரங்கொத்தியின் கழுத்து ஒல்லியாகவும் நீண்டும், தலை பின்னோக்கிக் கூர்த்த கொண்டையோடும் காணப்படும். அலகு நீண்டு, உளிபோல் வலுவாக, கருஞ்சாம்பல் நிறத்தில் இருக்கும். கண்ணின் வெளிர்மஞ்சள் நிறம் கரிய முகத்தில் எடுப்பாகத் தெரியும்.

இரண்டாம் கூறு: வெண்மை அமைந்துள்ள இடங்கள்

இப்பறவையை உறுதிப்படுத்தும் கூறு வயிற்றின் வெண்மை. தொண்டையும் மார்பும் முதுகும் சிறகின் மேற்புறமும் வாலும் கருமை. மார்பின் கருமை முடியும் இடத்தில் வயிற்றின் வெண்மை தொடங்குகிறது. வாலடி மீண்டும் கருமை. இவ்வாறு இரு கரும்பகுதிகளுக்கு இடையே வெண்பகுதி அமைந்திருப்பதே இதன் தனி அடையாளம்.

தென்னிந்தியத் துணையினத்திற்கு இடுப்பின் மேற்புறமும் வெண்மையாக இருக்கும். பறவை சிறகை மூடி மரத்தில் நிற்கும்போது இவ்வெண்மை பெரும்பாலும் மறைந்துவிடும். பறந்து விலகும்போது முதுகின் கீழே வெள்ளைத் திட்டாகத் தோன்றும். சிறகின் அடிப்புறத்தில் முன்பகுதியும் வெண்மையாக இருப்பதால், தலைக்கு மேலே பறக்கும்போது கரிய சிறகின் உட்புறத்தில் வெள்ளை மின்னும்.

வெண்மையைக் காண்பது காண்பவர் நிற்கும் கோணத்தைப் பொறுத்தது. மரத்தின் பக்கவாட்டிலிருந்து நோக்கினால் வயிற்றின் விளிம்பு மட்டுமே கீற்றாகத் தெரியும். நேர் பின்னாலிருந்து நோக்கினால் பறவை முழுக் கருமையாகவே தோன்றும். வானொளியைப் பின்னணியாகக் கொண்டு நோக்கினால் வெண்மையும் நிழலாகிவிடும். வெண்மை தென்படவில்லை என்பதனால் அது இல்லை என்று முடிவு செய்தல் கூடாது. பறவை கிளை மாறும் வரை அல்லது பறக்கும் வரை காத்திருத்தல் வேண்டும்.

மூன்றாம் கூறு: தலைச் சிவப்பும் பால் வேறுபாடும்

ஆண் பறவைக்கு நெற்றி தொடங்கிக் கொண்டையின் பின்முனை வரை தலை உச்சி முழுவதும் சிவப்பு. அத்துடன் அலகின் அடியிலிருந்து கன்னத்தில் செல்லும் சிவப்புப் பட்டை ஒன்றும் உண்டு. பெண் பறவைக்கு நெற்றியும் முன்னுச்சியும் கருமை. பின்னுச்சியும் கொண்டையும் மட்டுமே சிவப்பு. பெண்ணுக்குக் கன்னப்பட்டை இல்லை. இளம் பறவைகளின் கருமை பொலிவற்று மங்கலாக இருக்கும்.

எனவே பாலை அறிய நெற்றி, கன்னம் ஆகிய இரு இடங்களை நோக்கினால் போதும். ஆயினும் சிவப்புக் கொண்டையை மட்டும் கொண்டு இனத்தை முடிவு செய்வது பிழையாகும். பொன்முதுகு மரங்கொத்திகளுள் பலவற்றிற்கும் சிவந்த கொண்டை உண்டு. சிவப்பு, பால் வேறுபாட்டைக் கூறும் கூறே அன்றி இனத்தைத் தனித்து உறுதிப்படுத்தும் கூறு அன்று.

நான்காம் கூறு: பறத்தலும் குரலும்

மரங்கொத்திகள் பொதுவாகச் சில முறை சிறகடித்து, பின் சிறகை மூடி, அலைபோல் ஏறி இறங்கிப் பறக்கும். வெண்வயிற்று மரங்கொத்தியின் பறத்தலில் இவ்வலைவு குறைவு. அகன்ற சிறகுகளைச் சீராக அடித்துக் காக்கையைப் போன்றே செல்லும். மலையாளத்தில் இப்பறவையைக் காக்கமரங்கொத்தி என வழங்குவது இங்கு நினைக்கத்தக்கது. அளவு, நிறம், பறக்கும் முறை ஆகிய மூன்றையும் அப்பெயர் ஒரே சொல்லில் அடக்கிவிடுகிறது.

இதன் அழைப்பு கூர்மையான, உரத்த, ஒற்றை ஒலியாக வெளிப்படும். பறக்கும்போது விரைந்து அடுக்கி வரும் ஒலித்தொடரையும் எழுப்பும். உலர்ந்த மரத்தை அலகால் விரைந்து தட்டி எழுப்பும் முழக்கம் காட்டில் நெடுந்தொலைவு கேட்கும். இம்முழக்கம் உணவு தேடுதலின் விளைவன்று. தன் எல்லையையும் இருப்பையும் பிற பறவைகளுக்கு உணர்த்துவது. உணவுக்காகக் கொத்தும் ஒலி சீரற்று, விட்டுவிட்டு எழும். இவ்விரண்டையும் வேறுபடுத்திக் குறித்தல் நலம்.

குரலை மட்டும் கொண்டு பதிவு செய்வதில் ஓர் இடர் உண்டு. அதே காடுகளில் வாழும் துடுப்புவால் கரிச்சான் பிற பறவைகளின் குரல்களைப் போலச்செய்யும் திறமுடையது. ஆகவே குரல், பறவையைத் தேடிச் செல்வதற்குரிய குறிப்பாகலாம். உருவத்தைக் காணாத நிலையில் அதுவே முடிந்த முடிபாகாது.

மயக்கம் தரும் பறவைகள்

அண்டங்காக்கை கிளையின் குறுக்கே அமரும். வயிற்றிலும் இடுப்பிலும் வெண்மை இராது. துடுப்புவால் கரிச்சான் நெற்றியில் கொண்டையும் வால் முனையில் நீண்ட கம்பி போன்ற இறகும் கொண்டது. அடிமரத்தைப் பற்றி ஏறாது. செம்போத்து நீளத்தில் வெண்வயிற்று மரங்கொத்திக்கு இணையானது. எனினும் சிறகு செம்பழுப்பு நிறம், பெரும்பாலும் புதர்களிலும் தரையிலும் இரை தேடும்.

நிழலில் நிற்கும் பொன்முதுகு மரங்கொத்திகள் கருமையாகத் தோன்றக்கூடும். பக்கவாட்டு ஒளி கிடைத்தவுடன் முதுகின் பொன்னிறமும், மார்பில் வெண்மையும் கருமையும் கலந்த கோலமும் வெளிப்படும். அவற்றின் மார்பு ஒருசீரான கருமை உடையதன்று என்பதை நினைவிற் கொண்டால் மயக்கம் நீங்கும்.

ஒளிப்படங்களைக் கொண்டு இனங்காண்போர்க்குத் தனியே ஓர் எச்சரிக்கை தேவை. இதயப்புள்ளி மரங்கொத்தி கருமையும் வெண்மையும் கலந்த உடலும், பின்னோக்கிய கூரிய கொண்டையும் உடையது. நீளம் ஏறத்தாழ 16 செ.மீ. மட்டுமே. காட்டில் இவ்விரண்டையும் எவரும் மயங்கார். ஆனால் பறவையை நெருக்கமாக எடுத்த படத்தில் அளவு தெரிவதில்லை. அப்போது தலையை நோக்க வேண்டும்: இதயப்புள்ளி மரங்கொத்தியின் தலையில் ஆண், பெண் எதற்கும் சிவப்பு இல்லை.

நூல்களிலும் படத்தொகுப்புகளிலும் வரும் அயல்நிலத்துக் கரிய மரங்கொத்திகளையும் பிரித்தறிதல் வேண்டும். லின்னேயஸ் 1758-இல் பெயரிட்ட டிரையோகோப்பஸ் மார்ட்டியஸ் ஐரோப்பாவிலும் வட ஆசியாவிலும் வாழ்வது. உடலில் வெண்மையே இல்லை. ஆணுக்கும் கன்னப்பட்டை இல்லை. அந்தமான் தீவுகளுக்கே உரிய டிரையோகோப்பஸ் ஹாட்ஜெய் என்பதும் வயிற்றில் வெண்மை அற்றது. ஆணுக்குச் சிவப்புக் கன்னப்பட்டை உண்டு. இமயமலை அடிவாரக் காடுகளில் வாழும் பெருஞ்சாம்பல் மரங்கொத்தி உருவில் இவற்றினும் பெரியது. நிறம் சாம்பல், கொண்டை இல்லை. இம்மூன்றும் தமிழக எல்லைக்குள் வாழ்வன அல்ல.

மரத்தில் காணும் தடயங்கள்

எறும்புகளும் மரத்தைத் துளைக்கும் வண்டுகளின் புழுக்களும் இதன் முதன்மை உணவு. இவற்றிற்காகப் பட்ட மரத்தின் பட்டையை உரித்து, உளுத்த பகுதியை ஆழமாகக் குடையும். மரத்தடியில் பெரிய சிராய்கள் குவிந்து கிடப்பதும், அடிமரத்தில் ஆழ்ந்த குடைவுகள் இருப்பதும் இப்பறவை அங்கு வரக்கூடும் என்பதற்குரிய குறிப்புகள். எனினும் பெரிய பொன்முதுகு மரங்கொத்தியும் மரத்தை நன்கு குடையும். எனவே தடயம் கண்ட இடத்தை மறுமுறை சென்று நோக்கவேண்டிய இடமாகக் குறித்துக்கொள்ளலாமே அன்றி, இனப்பதிவாகக் கொள்ளலாகாது.

பெயரும் கூறும்

ஆங்கிலேய ஆட்சிக்காலப் பறவை நூல்கள் இப்பறவையை மலபாரின் பெரிய கரிய மரங்கொத்தி என்னும் பொருள்படும் ஆங்கிலப் பெயரால் வழங்கின. இன்றைய ஆங்கில நூல்கள் வெண்வயிறு என்பதையே பெயராக்கியுள்ளன. முன்னது காண்பவரின் முதல் மனப்பதிவைச் சுட்டியது. பின்னது இனத்தைப் பிரிக்கும் கூறைச் சுட்டுகிறது.

தமிழில் கருமரங்கொத்தி எனப் பெயரிட்டால் இரு சிக்கல்கள் எழுகின்றன. முதலாவது, அச்சொல் ஐரோப்பிய இனத்திற்கும் அந்தமான் இனத்திற்கும் இன்னும் கூடுதலாகப் பொருந்தும். அவையே முழுக் கருமையானவை. இரண்டாவது, சொல்லமைப்பு சார்ந்தது. மரங்கொத்தி என்பது மரத்தைக் கொத்துவது என விரியும் இரண்டாம் வேற்றுமைத் தொகை. அதன் முன் கரு என்னும் அடை சேரும்போது, கரிய மரங்கொத்தி எனவும் கருமரத்தைக் கொத்துவது எனவும் இருவகையாகப் பிரித்துப் பொருள்கொள்ள இடமாகிறது. வெண்வயிற்று மரங்கொத்தி என்னும் பெயரில் இம்மயக்கம் இல்லை. வயிறு மரத்திற்கு உரியதன்று ஆதலின் அடை பறவையையே சென்று சேரும். பெயரைக் கேட்பவர் களத்தில் எவ்விடத்தை நோக்க வேண்டும் என்பதையும் அப்பெயரே உணர்த்திவிடுகிறது.

பதிவு செய்யும் முறை

கண்ட அனைத்தையும் ஒரே நிலையில் வைத்துப் பதிவு செய்யாமல் மூன்று நிலைகளாகப் பகுத்தல் ஏற்றது. காக்கையளவு, அடிமரத்தைப் பற்றி நிற்கும் நிலை, கரிய மார்பின் கீழ் வெண்வயிறு ஆகிய மூன்றும் ஒருங்கே காணப்பட்டால் உறுதியான பதிவு. அளவும் நிலையும் தெரிந்து, வெண்மை தெரியாதுபோனால் வாய்ப்புள்ள பதிவு. குரலோ குடைவுகளோ மட்டும் கிடைத்தால் தேடலுக்குரிய குறிப்பு. பறவையின் பால், மரத்தின் இனம், அம்மரம் உயிருள்ளதா பட்டதா, அடிமரத்தின் சுற்றளவு, நாள், நேரம் ஆகியவற்றையும் சேர்த்துக் குறித்தால், அப்பதிவு பறவையோடு காட்டைப் பற்றிய தரவாகவும் அமையும்.

வாழிடமும் பதிவின் பொறுப்பும்

உலக அளவில் இவ்வினம் உடனடி அழிவாபத்தில் உள்ளதாகக் கருதப்படவில்லை. ஆயினும் ஒரு துணையினத்தின் வரலாறு கருதத்தக்கது. கொரிய தீபகற்பத்திலும் ஜப்பானின் சுஷிமா தீவிலும் வாழ்ந்த ரிச்சர்ட்சி என்னும் துணையினத்தை 1879-இல் டிரிஸ்ட்ராம் விவரித்தார். சுஷிமாவில் அது இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியிலேயே அற்றுப்போயிற்று. தென்கொரியா அதனை இயற்கை நினைவுச் சின்னமாக அறிவித்துப் பாதுகாக்க முயன்றும் அங்கு அது நிலைக்கவில்லை. முதிர்ந்த காடுகள் சுருங்கிய இடத்தில் பாதுகாப்பு அறிவிப்பு மட்டும் பறவையைக் காக்கவில்லை.

இப்பறவை கூடமைக்கப் பருத்த மரம் வேண்டும். காக்கையளவுப் பறவையும் குஞ்சுகளும் தங்கத்தக்க பொந்தை மெல்லிய மரத்தில் குடைய இயலாது. பெரிதும் பட்ட மரங்களையே இது தேர்கிறது. இத்தகைய மரங்கள் விறகுக்காகவும், பயனற்றவை என்னும் எண்ணத்தாலும் எளிதில் வெட்டப்படுகின்றன. ஒரு மரங்கொத்தி கைவிட்ட பொந்து, தாமே மரத்தைக் குடைய இயலாத மைனா, கிளி, ஆந்தை, பறக்கும் அணில் போன்ற உயிர்களுக்கு உறைவிடமாகிறது. காட்டின் பெரிய பொந்துகளைக் குடையும் பறவை இல்லாது போனால் அவ்வுயிர்களுக்கும் இடம் குறையும். இயல்பாக முறிவு ஏற்பட்டுத் தோன்றும் பொந்துகள் மட்டுமே எஞ்சும்.

முடிவுரை

வெண்வயிற்று மரங்கொத்தியை இனங்காண நிறமோ கொண்டையோ குரலோ தனித்தனியே போதா. அளவும் நிற்கும் நிலையும் முதலில் பறவையை ஏனைய கரிய பறவைகளிலிருந்து பிரிக்கின்றன. வயிற்று வெண்மை இனத்தை உறுதிப்படுத்துகிறது. தலைச் சிவப்பு பாலை அறிவிக்கிறது. பறத்தலும் குரலும் துணைச்சான்றாகின்றன. இவ்வரிசையைப் பின்பற்றினால் ஐயமுள்ள பதிவையும் ஐயமற்ற பதிவையும் பிரித்து வைக்க இயலும். கருமையைச் சுட்டாமல் வெண்வயிற்றைச் சுட்டும் பெயரைத் தமிழ் நூல்களும் பட்டியல்களும் ஒருசீராக ஆளுதல் இப்பணிக்குத் துணைசெய்யும். உறுதிசெய்யப்பட்ட ஒவ்வொரு பதிவோடும் அப்பறவை பற்றி நின்ற மரத்தின் விவரமும் சேர்க்கப்படுமாயின், பட்ட மரத்தைக் காட்டிலேயே நிற்கவிட வேண்டும் என்னும் கோரிக்கைக்கு அது மறுக்கவியலாத சான்றாகும்.